ஓடும்போது அல்ல, நிற்கும்போதுதான் ஆபத்து!

நாகூரைத் தாண்டிக் காரைக்காலுக்குப் போகும் கடலோரச் சாலையில் இருக்கிறது திருமலைராயன்பட்டினம். காளமேகப் புலவர் எமகண்டம் பாடிய ஊர் என்று இலக்கிய வாசகர்கள் இதை அறிவார்கள். புதுச்சேரி மின்திறல் குழுமத்தின் எரிவாயு மின்நிலையமும் இங்கேதான் இருக்கிறது. காவிரிப் படுகையில் கிடைக்கும் இயற்கை எரிவாயுவைக் கொண்டு 2000ஆம் ஆண்டு முதல் இயங்கும் இந்த நிலையத்தின் திறன் 32.5 மெகாவாட்.

பெரிய எரிவாயுச் சுழலிகளுக்குப் பொதுவான விதி ஒன்று உண்டு. எரிபொருளை நிறுத்தி, மின் உற்பத்தி நின்ற பிறகும் எண்ணெய் பம்பை நிறுத்தக் கூடாது. பல மணி நேரம் பேரிங்குகளுக்கு எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்டு ஒரே நிலையில் நின்றபடி ஆறினால் வளைந்துவிடும் என்பதால், அதையும் மெல்லச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். மின்சாரம் மொத்தமாகத் துண்டிக்கப்பட்டாலும் பேட்டரியில் ஓடும் அவசர எண்ணெய் பம்பு தயாராக இருக்கும். சுழலியை ஓட்டுவதற்கு எவ்வளவு கவனம் வேண்டுமோ, அவ்வளவு கவனம் அதை ஆற வைப்பதற்கும் வேண்டும்.

இதே பாடத்தை உலகின் மிக வேகமான பந்தயக் கார்களும் கற்க வேண்டியிருந்தது. ஏனென்றால் காரில் இருக்கும் டர்போசார்ஜரும் இந்தச் சுழலிக் குடும்பத்தைச் சேர்ந்த சிறிய இயந்திரம்தான்.

தீயும் எண்ணெயும் அருகருகே

என்ஜினிலிருந்து வெளியேறும் புகைக்குச் சூடும் அழுத்தமும் உண்டு. அதை வீணாக்காமல் ஒரு சக்கரத்தைச் சுழற்ற வைத்து, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிப்பதே டர்போ. அதிகக் காற்று போனால் அதிக எரிபொருளை எரிக்கலாம், சக்தி கூடும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்ற யோசனை இது.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலும். பந்தயத்தில் ஓடும் பெட்ரோல் என்ஜினில், தண்டின் ஒரு முனையைத் தாக்கும் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இரவுப் பந்தயங்களில் டர்போவின் கூடு செக்கச்சிவந்து ஒளிர்வதைப் பார்க்கலாம். அந்தக் கூட்டுக்குச் சில சென்டிமீட்டர் தள்ளித்தான் பேரிங் இருக்கிறது. தண்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் காப்பது மிக மெல்லிய ஆயில் படலம். உராய்வைத் தடுப்பதும் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போவதும் அதே ஆயில்தான்.

வண்டி ஓடும்வரை புது ஆயில் வந்துகொண்டே இருப்பதால் பேரிங் பிழைக்கிறது. முழு வேகத்தில் ஓடிவந்து சட்டென்று என்ஜினை நிறுத்தினால் ஆயில் பம்பும் அந்தக் கணமே நின்றுவிடும். ஆனால் கூட்டில் தேங்கிய வெப்பம் நிற்காது. தண்டு வழியாக பேரிங்கை நோக்கி நகரும். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல்லில் ஊற்றிய மாவு கருகுவதைப் போல, பேரிங்கில் தங்கிய ஆயில் அங்கேயே கருகிக் கரியாகப் படியும். அந்தக் கரி ஆயில் துளைகளை அடைக்கும். அடுத்த முறை ஓடும்போது பேரிங்குக்குப் போதிய ஆயில் கிடைக்காது. பல டர்போக்களின் கதை இப்படித்தான் முடிகிறது.

தண்ணீர் இல்லாத வீடு

இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் டர்போவின் நடுப்பகுதியைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. என்ஜினை நிறுத்திய பிறகும், சூடான நீர் மேலே போகக் குளிர்ந்த நீர் கீழே வர, சிறிது நேரம் சுழற்சி தானாக நடக்கும். காற்றால் குளிரும் காருக்கு இந்த வசதி கிடையாது. நம் ஊர் புல்லட்டின் சிலிண்டரைச் சுற்றி வரிவரியாகத் தகடுகள் இருக்குமே, அதே முறைதான் அங்கும். கூடவே ஒரு பெரிய விசிறி காற்றடிக்கும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடேறும்போது உள்வாங்கும் வெப்பம், ஒரு லிட்டர் காற்று உள்வாங்குவதைப் போலச் சுமார் 3,500 மடங்கு. அதனால் காற்றால் குளிரும் என்ஜினில் பெரும் பாரம் ஆயிலின் மீது விழுகிறது. பிஸ்டன், வால்வு, டர்போ எல்லாவற்றின் சூட்டையும் ஆயில் சுமக்க வேண்டும்.

இந்தச் சிக்கலோடு மிக நீண்ட காலம் மல்லுக்கு நின்றது ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம். அதன் 917/30 கார், 5.4 லிட்டர் கொள்ளளவும் 12 படுக்கை சிலிண்டர்களும் இரண்டு டர்போக்களும் கொண்டது. பந்தயத்தில் சுமார் 1,100 குதிரைத்திறன் தந்த அந்த என்ஜின் முழுக்கக் காற்றாலும் ஆயிலாலும் குளிர்ந்தது. 1973இல் வட அமெரிக்காவின் கேன்-ஆம் தொடரில் மார்க் டோனஹ்யூ இதை ஓட்டி, எட்டுப் பந்தயங்களில் ஆறை வென்றார்.

1975 ஆகஸ்டில் அமெரிக்காவின் டல்லடேகா வளைய ஓடுபாதையில் மணிக்குச் சுமார் 356 கிலோமீட்டர் வேகச் சாதனைக்கு அதே கார் இறங்கியபோது நிலைமை வேறு. சாதாரணப் பந்தயத்தில் வளைவுதோறும் ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பார். என்ஜினுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். டல்லடேகாவில் அந்த இடைவெளியே இல்லை. ஆகவே அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர்கள் காரில் சேர்ந்தன. 30 டிகிரி காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு நெருக்கினால் அது 120 டிகிரியை எட்டும். அவ்வளவு சூடான காற்று உள்ளே போனால் எரிபொருள் நேரம் தவறி வெடித்து பிஸ்டனையே துளைத்துவிடும்.

ஆயிலைப் பேணும் கலை

காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் டர்போ என்ஜினுடன் போர்ஷே 936 கார் 1976இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. டர்போ வைத்த கார் அங்கே வென்றது அதுவே முதல் முறை. லெ மான் போன்ற பந்தயத்தில் எரிபொருள் நிரப்பும்போது என்ஜினை நிறுத்தியே ஆக வேண்டும். முழுச் சூட்டில் வந்து நிற்கும் டர்போவுக்கு அதுவே மிக மோசமான சோதனை.

இத்தகைய கார்களைக் காக்கும் வழிகள் எல்லாம் ஆயிலைச் சுற்றியே அமைகின்றன. முதலாவது, தனித் தொட்டியில் நிறைய ஆயில் வைத்து, காற்று நேராக மோதும் இடத்தில் பெரிய ஆயில் கூலர் பொருத்துவது. இரண்டாவது, டர்போவுக்குள் போன ஆயில் தடையின்றி வெளியேற வழி செய்வது. அந்த ஆயில் நுரைத்துப்போய்த் தன் எடையால் மட்டுமே வடியும். ஆயில் திரும்ப வேண்டிய இடத்தை விட டர்போ தாழ்வாகத் தொங்கினால், வடியும் ஆயிலை உறிஞ்சி மேலேற்றத் தனி பம்பு வேண்டும். போர்ஷே 911 டர்போவில் அப்படியொரு பம்பு உண்டு. அது தவறினால் ஆயில் தேங்கி, சீல் வழியாகக் கசிந்து, சைலன்சரில் நீலப்புகையாக வரும்.

மூன்றாவது, சூட்டைச் சேர வேண்டிய இடத்திலேயே அடைத்து வைப்பது. டர்போவின் கூட்டுக்கும் புகைக்குழாய்க்கும் வெப்பம் தாங்கும் உறை சுற்றினால் சூடு அருகிலுள்ள ஆயில் குழாய் பக்கம் அதிகம் பரவாது. புகையின் ஆற்றலும் சக்கரத்துக்கே போய்ச் சேரும். நான்காவது, என்ஜின் நின்ற பிறகும் சில நிமிடங்கள் ஓடும் மின்சார ஆயில் பம்பு. திருமலைராயன்பட்டினத்துச் சுழலி போன்ற பெரிய இயந்திரங்கள் கடைப்பிடிக்கும் அதே விதிதான் இது.

காற்றின் எல்லையும் தெரியவந்தது. 1978இல் வந்த போர்ஷே 935/78 காரில், சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்தபோது வால்வுகளுக்கிடையே எழுந்த சூட்டைக் காற்றால் சமாளிக்க முடியவில்லை. சிலிண்டர் தலைக்கு மட்டும் தண்ணீர் வந்தது.

பல போர்ஷே கார்களுக்கு டர்போ செய்து கொடுத்தது கே.கே.கே. என்ற ஜெர்மன் நிறுவனம். 1980களில் அதன் தொழில்நுட்பக் கூட்டுறவோடுதான் சென்னையின் டர்போ எனர்ஜி நிறுவனம் டர்போ தயாரிக்கத் தொடங்கியது. பந்தயப் பாதையில் பிழைத்து வந்த அறிவு தமிழ்நாட்டுத் தொழிற்சாலை வழியே நம் வண்டிகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

உங்கள் வண்டிக்கு

இன்று காரைக்கால் சாலையில் ஓடும் பேருந்து, லாரி, டீசல் கார் பலவற்றிலும் டர்போ இருக்கிறது. விசைப்படகு என்ஜின்களிலும் இருக்கிறது. டீசல் புகையின் சூடு பெட்ரோலை விடக் குறைவு என்றாலும் ஆயில் கருகும் விதி ஒன்றுதான். ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். ஆயில் டர்போவை எட்ட அரை நிமிடம் கொடுங்கள். கையேட்டில் சொன்ன தர ஆயிலையே ஊற்றி, சொன்ன கிலோமீட்டரில் மாற்றுங்கள். காற்று வடிகட்டியைச் சுத்தமாக வைத்திருங்கள். உள்ளே போகும் சிறு மணலும் சக்கரத்தின் இதழைத் தின்றுவிடும். பாரம் ஏற்றியோ வேகமாகவோ ஓடிவந்து நின்றால், சாவியைத் திருப்பும் முன் இரண்டு நிமிடம் என்ஜினை மெதுவாக ஓடவிடுங்கள். அதற்குச் செலவாகும் டீசல் சில ரூபாய்தான். பேரிங் போன டர்போவை மாற்ற ஆயிரக்கணக்கில் ஆகும்.