ஹீட் பம்ப்: ரிப்பேரா, புதுசா?

ஹீட் பம்ப் என்பது திருப்பியும் ஓடத் தெரிந்த ஏசி. குளிர்காலத்தில் வெளியே இருக்கும் சூட்டை வீட்டுக்குள் கொண்டுவரும். அமெரிக்காவில் அது மக்கர் பண்ணினால் ஒரு கணக்கு சொல்வார்கள்: மெஷினின் வயசையும் ரிப்பேர் செலவையும் பெருக்கு, 5,000 டாலரைத் தாண்டினால் புதுசு வாங்கு. 12 வருஷம், 500 டாலர் என்றால் 6,000, தூக்கிப் போடணும்.

எனக்கு இது ஒத்துவரவில்லை. எது கெட்டுப்போச்சு என்றே இந்தக் கணக்கு கேட்பதில்லை. கப்பாசிட்டரோ ஃபேன் மோட்டாரோ போனால், கேஸ் பக்கம் கை வைக்காமலே மாற்றிவிட்டு ஓட்டலாம். கம்ப்ரசர் போனாலோ காயில் ஒழுகினாலோதான் கதை வேறு. அப்போ முதல் கேள்வி, வாரண்டி இருக்கா? அடுத்தது, உள்ளே என்ன கேஸ்?

ஆர்-22 என்றால் மாற்றிவிடுவதே நல்லது. அங்கே 2020-லேயே அதன் உற்பத்தியும் இறக்குமதியும் நின்றுபோச்சு. ஆர்-410ஏ இன்னும் கிடைக்கும், ஆனால் அளவைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். புது மெஷின்களில் வரும் ஆர்-32, ஆர்-454பி இரண்டும் லேசாகத் தீப்பிடிக்கும் ரகம். பழைய மெஷினில் அடைக்கக் கூடாது. அதனால் வெளி யூனிட்டை மாற்றினால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் காயிலையும் மாற்றணும்.

"கேஸ் ரொப்பினா போதும்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். ஹீட் பம்ப் கேஸைக் குடிப்பதில்லை. குறைந்திருந்தால் எங்கேயோ ஒழுகுது. அந்த இடம் தெரிந்த பிறகு முடிவு எடுங்கள்.