கம்ப்யூட்டர்களைக் கவிழ்த்த 376 பைட்

மெயிலில் வரும் பைலைத் திறந்தால்தான் வைரஸ் வரும், அடுத்தவர் பென் டிரைவைச் செருகினால்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் சொல்வதும் இதுதான்: "நான்தான் எதையும் கிளிக் செய்வதே இல்லையே!" அவர்களுக்கு நான் ‘ஸ்லாமர்’ பற்றிச் சொல்வது வழக்கம். யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே, பத்தே நிமிடங்களில் உலகம் முழுவதும் பரவிய புரோகிராம் இது.

2003 ஜனவரி 25, சனிக்கிழமை. நம் நேரப்படி காலை 11 மணி அளவில் இது கிளம்பியது. அன்று நான் ஒன்றாம் வகுப்பு மாணவன். இன்று டேட்டாபேஸ் சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. எங்கள் குழுவில் புதிதாகச் சேருபவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லித் தருவதும் ஸ்லாமரைத்தான்.

டேட்டாபேஸ் சர்வர் என்பது தகவல்களை அடுக்கி வைத்து, கேட்பவர்களுக்கு எடுத்துத் தரும் சாப்ட்வேர். வங்கிக் கணக்கு, விமான டிக்கெட் எல்லாம் இதில்தான் இருக்கும். மைக்ரோசாப்ட்டின் ‘எஸ்.க்யூ.எல். சர்வர் 2000’ அப்படி ஒன்று. ஒரே கம்ப்யூட்டரில் பல டேட்டாபேஸ் சர்வர்கள் இயங்கலாம் என்பதால், எது எங்கே இருக்கிறது என்று சொல்ல அதில் ஒரு விசாரணைக் கவுண்டர் உண்டு. அதன் எண் 1434. கோளாறு இருந்தது இந்தக் கவுண்டரில்தான்.

ஒரு குமாஸ்தாவை நினைத்துக் கொள்ளுங்கள். வருபவரின் பெயரை அவர் நோட்டில் எழுத வேண்டும். பெயருக்கென்று சில கட்டங்கள் இருக்கின்றன. அதற்கு அடுத்த வரியில், ‘இதை முடித்ததும் 12ஆம் பக்கத்தில் உள்ள வேலையைப் பார்க்கவும்’ என்று அவருக்கான குறிப்பு இருக்கிறது. ஒருவர் வந்து மிக நீளமான பெயரைச் சொல்கிறார். குமாஸ்தா கட்டங்களை எண்ணாமல் எழுதிக் கொண்டே போகிறார். அடுத்த வரியில் இருந்த குறிப்பு அழிந்து, வந்தவர் சொன்ன எழுத்துகள் அங்கே உட்கார்ந்து விடுகின்றன. பிறகு அதையே தனக்கு இட்ட கட்டளை என்று நம்பி குமாஸ்தா கிளம்பி விடுகிறார்!

கம்ப்யூட்டரின் மெமரியில் நடந்ததும் இதேதான். இதற்கு ‘பஃபர் ஓவர்ஃப்ளோ’ என்று பெயர். சி மொழியில் எழுதும்போது இடம் போதுமா என்று புரோகிராமர்தான் பார்த்துக் கொள்ள வேண்டும். ஜாவா, ரஸ்ட் போன்ற மொழிகள் அதைத் தாமே சோதித்து விடும்.

ஸ்லாமர் அனுப்பிய ‘நீளமான பெயர்’ வெறும் 376 பைட். தமிழில் டைப் செய்தால் இரண்டு, மூன்று வரிகூடத் தேறாது. அதற்குள் ‘கண்ணில் படும் முகவரிக்கெல்லாம் உன்னையே அனுப்பு’ என்ற கட்டளை இருந்தது. பதிலுக்குக் காத்திருக்காத யு.டி.பி. முறையில் அனுப்பியதால் வேகத்துக்குத் தடையே இல்லை. தொடக்கத்தில் 8.5 வினாடிக்கு ஒருமுறை அதன் எண்ணிக்கை இரட்டிப்பானது. 2001ல் வந்த ‘கோட் ரெட்’ இரட்டிப்பாக 37 நிமிடங்கள் எடுத்துக் கொண்டது! சுமார் 75,000 கம்ப்யூட்டர்கள் மாட்டின. ஹார்டு டிஸ்க்கில் பைல் எதையும் எழுதாமல் மெமரியிலேயே வாழ்ந்ததால், பைல்களைத் தேடும் ஆன்ட்டி வைரஸ்களின் கையில் இது சிக்கவில்லை. ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். ஆனால் சிறிது நேரத்தில் மீண்டும் வந்துவிடும்.

ஸ்லாமர் எந்தத் தகவலையும் அழிக்கவில்லை, திருடவில்லை. போக்குவரத்து நெரிசலை மட்டும்தான் உண்டாக்கியது. அதுவே போதுமானதாக இருந்தது. தென் கொரியாவில் இன்டர்நெட் முடங்கியது. அமெரிக்காவில் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் பெரும்பாலான ஏ.டி.எம்.களில் பணம் எடுக்க முடியவில்லை. சியாட்டில் நகருக்கு அருகே அவசர உதவி அழைப்புகளைக் காகிதத்தில் எழுதிச் சமாளித்தார்கள். ஒஹையோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில், பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் திரை ஏறக்குறைய 5 மணி நேரம் வேலை செய்யவில்லை. நல்ல வேளையாக உலை அப்போது நிறுத்தப்பட்டிருந்தது.

இதில் எனக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. இந்த ஓட்டையை டேவிட் லிட்ச்ஃபீல்ட் என்ற ஆய்வாளர் முன்பே கண்டுபிடித்துச் சொல்லி, 2002 ஜூலையிலேயே மைக்ரோசாப்ட் பேட்ச் வெளியிட்டு விட்டது. ஆறு மாதம் கழித்தும் பலர் அதைப் போடவில்லை. அவர்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பைல்களைக் கையால் மாற்றி வைக்க வேண்டிய தொல்லை பிடித்த பேட்ச் அது. மைக்ரோசாப்ட்டின் சொந்த நெட்வொர்க்கே அன்று பாதிக்கப்பட்டது.

இன்னொரு காரணம் உங்களுக்கும் பொருந்தும். எஸ்.க்யூ.எல். சர்வரின் சிறிய பதிப்பான எம்.எஸ்.டி.இ. 2000, வேறு பல சாப்ட்வேர்களுக்குள் ஒளிந்து வந்தது. தங்கள் கம்ப்யூட்டரில் ஒரு டேட்டாபேஸ் சர்வர் ஓடுகிறது என்பதே அதன் சொந்தக்காரர்கள் பலருக்குத் தெரியாது.

இன்றும் கடைக்கான பில்லிங் சாப்ட்வேர், கணக்கு சாப்ட்வேர் சிலவற்றை நிறுவும்போது, ‘எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ்’ கூடவே வந்து அமர்ந்து கொள்ளும். இது வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தானாக ஏற்காதபடிதான் நிறுவப்படுகிறது. ஆனால் சில சாப்ட்வேர்கள் அந்த வழியைத் திறந்து விடுவதுண்டு. உங்களிடம் இருக்கிறதா என்று பார்க்க, விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்துங்கள். வரும் கட்டத்தில் ‘சர்வீசஸ்.எம்எஸ்சி’ என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். பட்டியலில் ‘எஸ்.க்யூ.எல். சர்வர்’ என்று தொடங்கும் வரி இருந்தால், அது உங்கள் கம்ப்யூட்டரிலும் உள்ளது. அதை அவசரப்பட்டு நீக்கி விடாதீர்கள், பில்லிங் நின்றுவிடும். சாப்ட்வேர் விற்றவரிடம் அது எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். 2014 அல்லது அதற்கு முந்தையது என்றால் மாற்றச் சொல்லுங்கள். அவற்றுக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2024 ஜூலையோடு நிறுத்திவிட்டது.

விண்டோஸ் அப்டேட் பகுதியில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ சென்று, மற்ற மைக்ரோசாப்ட் சாப்ட்வேர்களுக்கும் அப்டேட் பெறும் வசதியை ஆன் செய்யுங்கள். இது ஆப் ஆக இருந்தால், விண்டோஸுக்கு மட்டும் பேட்ச் வரும், எஸ்.க்யூ.எல். சர்வருக்கு வராது. ஃபயர்வாலும் ஆன் ஆகத்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து விடுங்கள்.