எம்ஆர்டி பக்கத்தில் வீடு: யாருக்கு?

பட்டம் பெற்ற சில ஆண்டுகளில் நம்மில் பலர் பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். நம் முன்னாள் மாணவர்களில் பலர் அதைக் கடந்து வந்திருப்பார்கள். எந்த வட்டாரம் என்று பேச்சு வந்தாலும் அடுத்து வரும் கேள்வி, "எம்ஆர்டி பக்கமா?" என்பதுதான். 2024 அக்டோபர் முதல் அந்தக் கேள்விக்கு "ஆம்" என்று பதில் வந்தால், கூடவே சில நிபந்தனைகளும் வருகின்றன. அவை ஏன் வந்தன என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ரயில் நிலையத்தைச் சுற்றி உயரமான குடியிருப்புகள் கட்டலாமா என்பதே பல நாடுகளில் இன்னும் தீராத சண்டை. தனி வீடுகள் நிறைந்த தெருவில் அடுக்குமாடி எழுவதை அங்கு குடியிருப்போர் விரும்புவதில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 2025 அக்டோபரில்தான் அதற்கு வழிவிடும் சட்டம் ஒன்றில் ஆளுநர் கையெழுத்திட்டார்.

சிங்கப்பூரில் அந்தச் சண்டை பெரிதாக நடக்கவில்லை. 1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் அரசாங்கத்தின் கையில் ஏராளமான நிலத்தைச் சேர்த்தது. 1971ஆம் ஆண்டின் பெருந்திட்டம், அடர்த்தியான புதிய நகரங்களையும் அவற்றை இணைக்கும் ரயில் தடத்தையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தது. ரயில் வேண்டுமா என்பதில்தான் கருத்து வேறுபாடு எழுந்தது. பேருந்துகளே போதும் என்றார் டாக்டர் கோ கெங் சுவீ. ரயில் வேண்டும் என்று வாதாடினார் அப்போதைய தொடர்புத்துறை அமைச்சர் ஓங் டெங் சியோங். 1980இல் இந்த விவாதம் தொலைக்காட்சி வரை வந்தது. 1982இல் ரயிலுக்குப் பச்சைக்கொடி காட்டப்பட்டது. 1987 நவம்பர் 7ஆம் தேதி இயோ சூ காங் முதல் தோ பாயோ வரை ஐந்து நிலையங்களுடன் சேவை தொடங்கியது. தோ பாயோவின் அடுக்குமாடிகள் அதற்கு வெகுநாள் முன்பே நிறைந்திருந்தன. வீடு முதலில் வந்தது, ரயில் பிறகு வந்தது. இன்று புங்கோல்வாசிகள் கேட்டால் சிரிக்கக்கூடும்.

எதிர்ப்பே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. டோவர் நிலையத்துக்கு அருகிலுள்ள 33 ஹெக்டர் பசுமைப் பகுதியில் வீடுகள் கட்டும் திட்டத்தை இயற்கை ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். 2021 ஜூலையில், கிழக்குப் பாதியில் முதலில் கட்டுவதென்றும் மேற்குப் பாதியை இப்போதைக்கு விட்டுவைப்பதென்றும் முடிவானது. ஆனால் நம் ஊரில் இவ்விவாதத்தின் மையம் மரங்கள் அல்ல, பணம்.

நிலையத்தின் அருகே உள்ள நிலத்தின் மதிப்பு தானாகவே உயர்கிறது. அந்த உயர்வை உண்டாக்குவது அனைவரின் வரிப்பணத்தில் போடப்பட்ட தண்டவாளம். அங்கே வீவக வீடு கட்டி மானிய விலையில் விற்றால், குலுக்கலில் எண் கிடைத்தவருக்கு அந்த உயர்வு முழுவதும் போய்ச் சேரும். டக்ஸ்டனில் உள்ள பினக்கிள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2004இல் அது முதலில் விற்பனைக்கு வந்தபோது எந்த வீடும் 500,000 வெள்ளியை எட்டவில்லை. கட்டாயக் குடியிருப்புக் காலம் முடிந்த பின்னர் ஒரு மில்லியன் வெள்ளிக்கு மேல் கைமாறிய வீடுகள் அங்கே பல. வாங்கியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அடுத்து வாங்குபவர் மானியம் இல்லாமல் அந்த விலையைக் கொடுக்க வேண்டும். இப்படியே போனால் நிலையத்தருகே வசதியுள்ளவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். சொந்தக் கார் வைத்துக்கொள்ள முடியாதவருக்குத்தானே ரயில் அதிகம் தேவை?

இதற்கு விடையாக 2021 நவம்பரில் ரோச்சோர் வட்டாரத்தில் ஒரு புதிய முறை தொடங்கியது. 2024 அக்டோபரில் அது விரிவாக்கப்பட்டு, புதிய வீடுகள் ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம் என மூன்று வகையாயின. நிலையத்தையோ நகர மையத்தையோ ஒட்டிய நல்ல இடங்கள் பிளஸ் அல்லது பிரைம் வகையில் சேர்கின்றன. அவற்றுக்குக் கூடுதல் மானியம் உண்டு. பதிலுக்கு, ஐந்தாண்டுக்குப் பதில் பத்தாண்டு அங்கே குடியிருக்க வேண்டும். அதன் பிறகும் முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது. விற்கும்போது விலையில் ஒரு பங்கை வீவகவிடம் திருப்பித் தர வேண்டும். ரோச்சோரின் முதல் திட்டத்தில் அது 6 விழுக்காடு. அதாவது 900,000 வெள்ளிக்கு விற்றால் 54,000 வெள்ளி. மறுவிற்பனையில் வாங்கும் குடும்பத்துக்கும் வருமான வரம்பு உண்டு. 2024இல் அது மாதம் 14,000 வெள்ளி என்று வைக்கப்பட்டது.

பத்தாண்டு நீண்ட காலம்தான். இருபத்தெட்டு வயதில் சாவி வாங்கும் தம்பதியர், பிள்ளைகள் பிறந்து இடம் போதாமல் போனாலும் முப்பத்தெட்டு வரை அங்கேயே இருக்க வேண்டும். ஆயினும் என்னைக் கேட்டால் இந்த விதி நியாயமானது. வீட்டை வீடாக நினைப்பவருக்கு இது பெரிய இழப்பில்லை.

என் கவலை வேறொன்று. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டால், அங்குள்ள இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. மக்கள்தொகையில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் அந்த வாய்ப்பிலிருந்து விலகிவிடுகிறார்கள். மலாய்க்காரர்களுக்கும் இதே நிலைதான். இதனால் குறைந்த விலைக்கு விற்க நேர்வதாகச் சிறுபான்மையினர் பலகாலம் சொல்லி வந்தார்கள். மிகவும் சிரமப்படுவோரிடமிருந்து வீவகவே வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழி 2022 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. பிளஸ், பிரைம் வீடுகளில் இதற்கு மேல் வருமான வரம்பும் சேர்கிறது. ஏற்கெனவே சிறியதாகிவிட்ட வட்டம் இன்னும் சுருங்குகிறது. இரண்டு விதிகளும் தனித்தனியே நல்ல நோக்கம் கொண்டவை. சேர்ந்து ஒருவர் தலையில் விழும்போது என்ன ஆகும் என்பது போதிய அளவு பேசப்படவில்லை.

பேசுவதற்கு நேரம் இருக்கிறது. 2024 அக்டோபரில் விற்பனைக்கு வந்த பிளஸ், பிரைம் வீடுகள் கட்டி முடிந்து, அதன்பின் பத்தாண்டு ஓட வேண்டும். 2030களின் பிற்பகுதிக்கு முன் அவற்றில் ஒன்றுகூட மறுவிற்பனைச் சந்தைக்கு வராது. அப்போது விற்க நிற்பவர்களில் இன்று இதைப் படிக்கும் சிலரும் இருப்பார்கள். ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை என்று பார்ப்பதோடு, அது எந்த வகை வீடு, விற்கும்போது எத்தனை விழுக்காடு திருப்பித் தர வேண்டும் என்ற விவரங்களையும் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.