மூளைக்குள் வானொலி இருக்கிறதா?

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கும் மகன் செல்போனைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறானாம். போனின் கதிர்வீச்சு மூளையை மந்தமாக்குமா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கதிர்வீச்சை உறிஞ்சும் ஸ்டிக்கர் ஒன்று கடையில் கிடைக்கிறதாம், வாங்கலாமா என்றும் கேட்கிறார். வேண்டாம். அது உண்மையிலேயே சிக்னலைத் தடுத்தால், டவரை எட்டுவதற்காகப் போன் இன்னும் உரக்கக் கத்தும்.

யோசிக்கும் வேகம் பற்றிய ஆய்வுக் கதை சின்னது. 2000இல் ஃபின்லாந்தில் 48 பேரைச் சோதித்தார்கள். போன் அலை பட்டபோது சில சோதனைகளில் பதில் வேகமாக வந்தது. மந்தம் இல்லை, வேகம்! 2003இல் ஸ்வீடனையும் சேர்த்துக்கொண்டு 64 பேரிடம், போன் இயங்குகிறதா இல்லையா என்பது சோதிப்பவருக்கும் தெரியாதபடி மறுபடி செய்தார்கள். அந்த வேகம் காணாமல் போனது. சூடு என்று பார்த்தாலும், மூளையில் ஏறுவது 0.1 டிகிரி அளவுதான். வேகமாக மாடி ஏறி இறங்கினால் உடம்பு அதைவிடச் சூடாகும்.

என்னை விடாமல் பிடித்திருப்பது துடிப்பு. பழைய 2ஜி போனை ரேடியோ பக்கத்தில் வைத்தால், மணி அடிக்கும் முன்பே ரேடியோ 'டட்டட் டட்டட்' என்று உறுமுமே, அது. அந்தப் போன்களின் ஜிஎஸ்எம் முறையில் ஒரே அலைவரிசையை எட்டுப் போன்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. தெருக்குழாயில் எட்டுக் குடங்கள் நிற்பதாக வையுங்கள். ஒரு குடத்துக்கு 0.577 மில்லிவிநாடி, அதே குடத்தின் முறை மறுபடி வர 4.6 மில்லிவிநாடி. ஆக, நம் போன் விநாடிக்கு 217 தடவை குழாயைத் திறந்து மூடுகிறது. விழும் தண்ணீர் கொஞ்சம்தான். ஆனால் படபடவென்று திறந்து மூடினால் குழாய் அதிரும். மூளையும் அப்படி அதிருமா?

ரேடியோ உறுமுவதற்கு அதனுள் இருக்கும் டையோடும் டிரான்சிஸ்டரும் காரணம். அவை 900 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஒரு பாதியைத் தடுத்துவிடுவதால் 217இன் தாளம் மட்டும் ஸ்பீக்கருக்குப் போகிறது. நரம்புச் செல்லின் சவ்வும் டையோடாக நடந்துகொண்டால் அந்தத் தாளம் சிந்தனைக்குள் நுழையலாம். இதைக் கண்டுபிடிக்க அழகான வழி உண்டு. டையோடு எதுவானாலும், உள்ளே போன அதிர்வெண்ணின் இரண்டு மடங்கையும் சேர்த்தே வெளிவிடும். 2010இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் பலவகைச் செல்களுக்கும் திசுக்களுக்கும் 880 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலையைக் கொடுத்துவிட்டு, அதன் இரண்டு மடங்கு வெளிவருகிறதா என்று காத்திருந்தார்கள். எதுவும் வரவில்லை.

ஆனால் 2002இல் ஜூரிச்சில் கண்டதை இது விளக்கவில்லை. தூங்கப் போகிறவர்களுக்கு 30 நிமிடம் அலை கொடுத்தார்கள். தொடர்ச்சியான அலை ஒன்றும் செய்யவில்லை. துடிக்கும் அலை மட்டும் விழிப்பில் மூளையின் ஆல்ஃபா மின்னலைகளையும் பிறகு தூக்கத்தில் மூளை மின்பதிவின் ஒரு பகுதியையும் சற்றே உயர்த்தியது. அதனால் யாருடைய தூக்கமும் கெடவில்லை. டையோடே இல்லாமல் தாளம் எப்படி உள்ளே போனது?

எப்படியானாலும், வாசகியின் மகன் வைத்திருப்பது அநேகமாக 4ஜி போன். 4ஜியில் இயங்கும்போது அதில் அந்த 217 துடிப்பு கிடையாது. ரேடியோ பக்கத்தில் வைத்தாலும் பழைய உறுமல் கேட்காது.