மினி டிராக்டர் வாங்கப் போறீங்களா? முதலில் மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்க!

எங்கள் சித்தப்பாவுக்கு மூன்றரை ஏக்கர். ஒன்றரை ஏக்கரில் தென்னை, ஊடே வாழை. மீதி இரண்டு ஏக்கரில் மஞ்சளும் சோளமும் மாறி மாறி. சில வருஷங்களுக்கு முன், தை மாதத்தில் நல்ல நாள் பார்த்து 45 எச்.பி. டிராக்டர் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, ஊரே வந்து பார்த்தது.

மறுவாரம் மானியத்துக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான், அனுமதி கிடைத்த பிறகே வண்டி வாங்கியிருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தது. வாழை வரிசைக்குள் வண்டி நுழையவே இல்லை. வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் டிராக்டர் கொட்டகையில் நின்றது. வங்கித் தவணை மட்டும் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. மூன்றாம் வருஷம் விற்றுவிட்டார்.

அவருக்கு விவசாயம் தெரியாமல் இல்லை. இரண்டு கேள்விகளைக் கேட்காமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான். என் நிலத்தில் டிராக்டருக்கு வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை இருக்கு? வாங்கும்போது எதை முதலில் செய்யணும், எதைப் பிறகு செய்யணும்? நீங்களும் முதல் டிராக்டர் வாங்கும் யோசனையில் இருந்தால், ஷோரூமுக்குப் போகும் முன் இதைப் படிச்சுடுங்க.

முதலில் மணிக்கணக்கு

ஒரு தாளை எடுங்க. மூன்று ஏக்கர், வருஷத்துக்கு இரண்டு போகம், போகத்துக்கு நான்கு உழவு என்று வைப்போம். மினி டிராக்டரில் ரோட்டவேட்டர் ஓட்ட ஏக்கருக்குச் சுமார் ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொண்டால், மொத்தம் 30 மணி நேரம். மணிக்கு 1,000 ரூபாய் வாடகை கொடுத்தாலும் வருஷச் செலவு 30,000 ரூபாய்தான்.

இப்போது தவணையைப் பார்ப்போம். 4 லட்சம் ரூபாய் கடன், 10 சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 8,500 ரூபாய். வருஷத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும். டீசல், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் தனி. டீசல் போக மணிக்கு 800 ரூபாய் மிச்சம் என்று வைத்தாலும், வருஷத்துக்கு 140 முதல் 150 மணி நேரம் வண்டி ஓடினால்தான் கடன் காலத்தில் கட்டுபடியாகும்.

அப்படியானால் வாங்கவே கூடாதா? அப்படி இல்லை. மழை பெய்த மறுநாள், மண்ணில் ஈரம் இருக்கும்போதே உழ வேண்டும். அன்றைக்கு ஊரில் எல்லாருக்கும் டிராக்டர் வேண்டும். உங்கள் முறை வருவதற்குள் ஈரம் போய்விடும். காலத்தில் உழுவதற்கும் ஒரு விலை உண்டு. தோப்பில் அடிக்கடி களை உழவு இருக்கிறதா, பக்கத்துத் தோட்டங்களிலும் வேலை கிடைக்குமா, அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து வாங்க முடியுமா? இதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்து முடிவெடுங்க. இரண்டு ஏக்கருக்குள் காய்கறி, மஞ்சள் மட்டும் என்றால் பவர் டில்லர் அல்லது பவர் வீடரே போதுமா என்றும் பாருங்க. அவற்றுக்கும் மானியம் உண்டு.

வண்டியை அளக்கும் முன் வரிசையை அளங்க

டேப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போங்க. 25 அடி இடைவெளித் தென்னையில் எந்த டிராக்டரும் போகும். ஆனால் 6 அடி இடைவெளி வாழையில் 45 எச்.பி. வண்டி போகாது, வண்டியின் அகலமே ஏறக்குறைய 6 அடி. மூன்றரை, நான்கு அடி அகல மினி டிராக்டர்தான் அங்கே நுழையும். பின்னால் மாட்டும் ரோட்டவேட்டரின் அகலத்தையும் சேர்த்துப் பார்க்க மறக்காதீங்க. வரப்பு ஓரத்தில் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும், தோட்டத்துக்குப் போகும் வண்டிப்பாதையின் அகலம் என்ன என்பதும் முக்கியம்.

அடுத்தது மண். நஞ்சையில் சேற்றுழவு என்றால் எடை குறைந்த, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி நல்லது. கனமான வண்டி சேற்றில் புதையும். இறுகிய மேட்டு நிலத்தில் ஆழமாக உளிக்கலப்பை போட மினி டிராக்டரால் முடியாது. ஆனால் அது எப்போதோ ஒருமுறை வரும் வேலை. அதற்குப் பெரிய வண்டியை வாடகைக்கு எடுங்க. அந்த ஒரு வேலைக்காகப் பெரிய டிராக்டரை வாங்க வேண்டாம்.

எச்.பி. மட்டும் பார்த்தால் போதாது

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது இன்ஜினின் எச்.பி. ரோட்டவேட்டரைச் சுற்றுவது பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேரும் சக்தி. அது இன்ஜின் எச்.பி.யைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதனால் கடைக்காரரிடம் இந்த மூன்றையும் கேளுங்க:

1. பி.டி.ஓ. எச்.பி. எவ்வளவு? நான் வாங்கப்போகும் ரோட்டவேட்டருக்கு அது போதுமா?
2. ஹைட்ராலிக் எத்தனை கிலோ தூக்கும்?
3. சர்வீஸ் சென்டர் எங்கே? உதிரிபாகம் எத்தனை நாளில் கிடைக்கும்?

மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் டிராக்டர்களைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. அங்கே சோதிக்கப்பட்ட மாடலுக்கு பி.டி.ஓ. சக்தி, தூக்கும் திறன், டீசல் செலவு எல்லாம் அறிக்கையாக இருக்கும். விற்பனையாளரிடம் அந்த அறிக்கையைத் தயங்காமல் கேளுங்க.

வாங்கும் முன் வாடகைக்கு ஓட்டிப் பாருங்க

வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகை செயலியை உங்கள் போனில் இறக்கிக்கொள்ளுங்க. அரசு டிராக்டர்களையும் கருவிகளையும் அதில் முன்பதிவு செய்யலாம். நடப்பு வாடகையும் அதிலேயே தெரியும். ஒரு போகம் முழுவதும் வாடகையில் ஓட்டி, எத்தனை மணி நேரம் ஆனது என்று நோட்டில் எழுதி வையுங்க. மேலே போட்ட கணக்கு வெறும் உத்தேசம். உங்கள் நோட்டில் இருப்பதுதான் உண்மைக் கணக்கு.

மானியம்: வரிசை மாறினால் பணம் போச்சு

வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியின விவசாயிகளுக்கு 50 சதவீதமும், மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம் உண்டு. இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. ஆனால் 50 சதவீதம் என்றதும் விலையில் சரிபாதி கிடைக்கும் என்று நினைத்துவிடாதீங்க. ஒவ்வொரு எச்.பி. பிரிவுக்கும் உச்சவரம்பு இருக்கிறது; இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். ஆண்டுதோறும் நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்தே அனுமதி வழங்கப்படும்.

செய்ய வேண்டிய வரிசை இதுதான்:

1. ஆதார், சிட்டா, அடங்கல், நில வரைபடம், சிறு குறு விவசாயி சான்று, வங்கிப் பாஸ்புக், போட்டோ ஆகியவற்றைத் தயார் செய்யுங்க. தேவைப்படுவோர் சாதிச் சான்றும் வைத்துக்கொள்ளுங்க. சிறு குறு விவசாயி சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.
2. உழவன் செயலி வழியாகவோ, உங்கள் பகுதியின் வேளாண்மைப் பொறியியல் துறை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்திலோ பதிவு செய்யுங்க.
3. நீங்கள் பார்த்து வைத்த மாடல் மானியப் பட்டியலில் இருக்கிறதா, முழு விலையையும் முதலில் நீங்களே கட்ட வேண்டுமா, மானியம் எப்போது, யார் கணக்குக்கு வரும் என்று கேட்டுக்கொள்ளுங்க.
4. அனுமதி கைக்கு வந்த பிறகு மட்டுமே வண்டியை வாங்குங்க.

"இன்னைக்கே எடுத்தா தள்ளுபடி, மானியத்தை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யார் சொன்னாலும், நான்காவது வரியை இன்னொரு தடவை படிங்க.

பில் போடும்போது

2025 செப்டம்பர் 22 முதல் விவசாய டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் புதியதைக் கேளுங்க. ரோட்டவேட்டர், கேஜ் வீல், கலப்பை எல்லாம் விலைக்குள் அடக்கமா, தனியா என்று எழுத்தில் வாங்குங்க. ஆர்.டி.ஓ. பதிவும் இன்சூரன்ஸும் கட்டாயம். ஓட்டுபவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும். விவசாயத்துக்கென்று பதிவு செய்த வண்டியில் வாடகைக்கு மண், செங்கல் ஏற்றி, விபத்து நடந்தால் இழப்பீடு கிடைப்பது சிக்கலாகிவிடும்.

இன்னொரு விஷயம். மட்கார்டு மேல் பிள்ளைகளை உட்கார வைக்காதீங்க. சுற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு மூடி இல்லாமல் ஓட்டாதீங்க. வேட்டி நுனியோ சேலை நுனியோ சிக்கினால் இழுத்துவிடும். வரப்பில் வண்டியைச் சாய்வாக ஏற்றாதீங்க, கவிழ்ந்துவிடும்.

சித்தப்பா போன வருஷம் மறுபடியும் டிராக்டர் வாங்கினார். இந்தத் தடவை ஒரு போகம் வாடகைக்கு ஓட்டிப் பார்த்து, அனுமதிக்காகக் காத்திருந்து, பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு பேசி வைத்துக்கொண்டு வாங்கினார். சின்ன வண்டிதான். ஊர் கூடிப் பார்க்கவில்லை. ஆனால் வாழைக்குள்ளே போய்விட்டுத் திரும்பி வருகிறது.