ஒளி நுண்ணோக்கி முறைத் தேர்வு
ஒளி நுண்ணோக்கி முறைத் தேர்வு என்பது உயிரியல் ஆய்வொன்றின் நோக்கத்திற்கும் மாதிரியின் தன்மைக்கும் ஏற்ற நுண்ணோக்கி முறையைத் தீர்மானித்தல் ஆகும். உருப்பெருக்கம் மிகுந்த கருவியே சிறந்தது என்பது தவறான கருத்தாகும். மாதிரி உயிருள்ளதா, எவ்வளவு தடிப்பானது, அதில் எதனைக் காண வேண்டும் என்பனவே முதன்மையான வினாக்கள்.

பிரிதிறன்

அருகருகே உள்ள இரு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டும் திறன் பிரிதிறன் எனப்படும். ஒளியின் அலைநீளம் இதற்கு எல்லை விதிப்பதை 1873 இல் எர்ணஸ்ட் அபே விளக்கினார். வழமையான ஒளி நுண்ணோக்கிகளில் இவ்வெல்லை ஏறத்தாழ 200 நானோமீட்டர் ஆகும். இதற்கும் குறைந்த இடைவெளியிலுள்ள விவரங்கள், படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் பிரிந்து தெரிவதில்லை.

சாயமேற்றிய மாதிரிகள்

பெரும்பாலான உயிரணுக்கள் நிறமற்றவை. ஒளியை ஊடுருவ விடுபவை. எனவே இழையங்களை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றுவர். ஹெமடாக்சிலின், ஈயோசின் ஆகிய சாயங்களை இட்டால் உட்கரு நீல ஊதாவாகவும் குழியமுதலுரு இளஞ்சிவப்பாகவும் தோன்றும். இதற்குச் சாதாரண ஒளி நுண்ணோக்கியே போதும். ஆயினும் இம்முறையில் உயிரணுக்கள் முன்னரே கொல்லப்படுவதால் உயிரணுப் பிரிவு போன்ற நிகழ்வுகளைத் தொடர்ந்து காண இயலாது.

உயிருள்ள மாதிரிகள்

சாயமேற்றாத உயிரணுக்களைக் காணக் கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கி பயன்படுகிறது. உயிரணுவினூடாகச் செல்லும் ஒளி அலை சற்றுப் பின்தங்குகிறது. இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது; இந்நுண்ணோக்கி அதனைப் பொலிவு வேறுபாடாக மாற்றிக் காட்டுகிறது. இதனை உருவாக்கிய டச்சு இயற்பியலாளர் பிரிட்ஸ் செர்னிக் 1953 இல் நோபல் பரிசு பெற்றார். பொருளைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றுவது இதன் குறைபாடு. தடித்த மாதிரிகளுக்கு இது ஏற்றதன்று.

உடனொளிர்வு முறைகள்

குறிப்பிட்ட ஒரு புரதத்தின் இருப்பிடத்தை அறிய உடனொளிர்வு நுண்ணோக்கி தேவை. ஜெல்லிமீனில் கண்டறியப்பட்ட பச்சை ஒளிரும் புரதம், உயிருள்ள உயிரணுக்களிலும் இதனை இயலச் செய்தது. தடித்த மாதிரிகளில் குவியத்திற்கு வெளியேயுள்ள ஒளி படத்தை மங்கச் செய்யும். கன்போக்கல் நுண்ணோக்கி அவ்வொளியை ஒரு நுண்துளையால் தடுக்கிறது.

ஒளியின் தீங்கு

செறிவான ஒளி ஒளிரும் மூலக்கூறுகளை மங்கச் செய்வதுடன் உயிரணுக்களுக்கும் கேடு விளைவிக்கும். கேடுற்ற உயிரணுவின் நடத்தை இயல்பானதெனக் கருதப்பட்டால் ஆய்வின் முடிவே பிழையாகும். எனவே ஒளி படாத உயிரணுக்களுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது. தெளிவான படத்தைவிட, வினாவிற்கு விடை தரும் அளவு குறைந்த ஒளியில் எடுத்த படமே உயிருள்ள மாதிரிகளுக்கு உகந்தது.