கார் நிறுத்த ஒரு பந்து

மாலை ஏழரை மணிக்கு வாஷியில் ஏதாவதொரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் சற்று நின்று பாருங்கள். ஒரு கார் மெல்ல உள்ளே வருகிறது. மனைவி இறங்கி முன்னால் நின்று கையை அசைக்கிறார்: "இன்னும் வாங்க... வாங்க... போதும், போதும்!" அந்த இரண்டாவது "போதும்" வருவதற்குள் முன்பம்பர் சுவரைத் தொட்டுவிடுகிறது. வாட்ச்மேன் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார். மாதத் தவணை முடியாத காரின் முகத்தில் முதல் கீறல்! நானும் ஒருமுறை இப்படித் தலைகுனிந்து நின்றவன்தான். ஆகையால் உங்களைக் குறைகூற எனக்கு உரிமையில்லை.

தாராவியிலும், மாட்டுங்கா லேபர் கேம்பிலும், செம்பூரிலும் நெருக்கமான சந்துகளில் வளர்ந்த நம்மவர் பலருக்குக் கார் என்பது வாழ்வின் பிற்பகுதியில் வந்த பொருள். 1973ஆம் ஆண்டு தானே கழிமுகத்தின்மேல் பாலம் திறக்கப்பட்டது. 1992இல் மான்குர்தைத் தாண்டி வாஷிக்கு ரயிலும் வந்தது. அதன்பின் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பாலத்தைக் கடந்து இப்புறம் வந்தன. வீடு வந்தது, பின்பு வண்டி வந்தது. வண்டியை ஓட்டப் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் தூணுக்கும் சுவருக்கும் நடுவே, அடுத்தவர் காரையும் உரசாமல் அதைக் கொண்டுபோய் நிறுத்துவதை யார் கற்றுக்கொடுத்தார்கள்?

இடம் எவ்வளவு குறுகியது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மும்பை மாநகராட்சியின் கட்டட விதிகள் ஒரு பெரிய காருக்கு 5.5 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும், சிறிய காருக்கு 4.5 மீட்டர் நீளமும் 2.3 மீட்டர் அகலமும் குறிக்கின்றன. 1983இல் வெளிவந்த மாருதி 800 ஏறத்தாழ 3.34 மீட்டர் நீளமே உடையது. அந்தச் சிறிய கட்டத்தில் அதை நிறுத்தினால் ஒரு மீட்டருக்கும் மேல் இடம் மிஞ்சும். இன்றைய ஸ்விஃப்ட்டின் நீளம் 3.86 மீட்டர், அகலம், பக்கக் கண்ணாடிகள் நீங்கலாக, 1.735 மீட்டர். மிஞ்சுவது நீளத்தில் 64 சென்டிமீட்டர், அகலத்தில் இரு பக்கமும் சேர்த்து 56 சென்டிமீட்டர். இதற்குள்ளேதான் கதவைத் திறக்கவேண்டும், பின்கதவைத் தூக்கிக் காய்கறிப் பையை எடுக்கவேண்டும், பாட்டியம்மாவைக் கைப்பிடித்து இறக்கவேண்டும். முன்னால் ஒரு சாண் தவறினால் பின்னால் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டாரின் முகம் மாறியிருக்கும்.

ஓட்டுகிறவர் செய்யும் தவறு கவனக்குறைவு மட்டுமல்ல. இருக்கையில் அமர்ந்திருப்பவருக்குத் தம் வண்டியின் மூக்கு தெரிவதேயில்லை. இக்காலக் கார்களின் போனட் சரிந்து கீழே இறங்கிவிடுகிறது. பம்பருக்கும் சுவருக்கும் எத்தனை விரற்கடை இருக்கிறது என்பதை அவர் காணவில்லை, ஊகிக்கிறார்.

இவ்விடத்தில்தான் அமெரிக்க வீடுகளில் நெடுங்காலமாக வழக்கத்திலுள்ள ஓர் எளிய உபாயம் நமக்கு உதவுகிறது. வாகனக் கொட்டகையின் கூரையிலிருந்து ஒரு நூலில் டென்னிஸ் பந்தைத் தொங்கவிடுகிறார்கள். காரை உள்ளே கொண்டுவரும்போது பந்து முன்கண்ணாடியை மெல்லத் தொட்டவுடன் நிறுத்திவிடவேண்டியது. அவ்வளவுதான்! மின்சாரமும் வேண்டாம், செலவும் இல்லை.

இது நமக்கு முற்றிலும் புதியதுமல்ல. சுவர் எழுப்பும் கொத்தனாரின் கையிலுள்ள தூக்குக்குண்டை அறிவீர்கள். ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் நாம் தூக்குநூல் என்று வாசிப்பதும் அதுவே. மேலே உள்ள ஒரு புள்ளியைக் கீழே கொண்டுவந்து காட்டுவது அதன் வேலை. தினமும் நீங்கள் ஏறும் ஹார்பர் லைன் ரயிலிலும் இதன் உறவினர் உண்டு. நடைமேடையில் 12 என்ற எண்ணோடு ஒரு பலகை இருக்கும். மோட்டார்மேன் தமக்குப் பின்னாலுள்ள பன்னிரண்டு பெட்டிகளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தம் அறை அந்தப் பலகைக்கு நேராக வந்தால் கடைசிப் பெட்டியும் நடைமேடைக்குள் வந்துவிட்டது என்று பொருள். காணமுடியாத இடத்தின் அளவைக் காணக்கூடிய இடத்தில் வைத்துவிடுகிறார்கள். பந்தும் இதையே செய்கிறது.

எப்படிக் கட்டுவது? முதலில் பொறுமையாக, ஒருவர் வெளியே நின்று பார்க்க, காரைச் சரியான இடத்தில் நிறுத்துங்கள். முன்சுவருக்கு ஒரு சாண் இடைவெளி விடுங்கள். இருபுறக் கதவுகளையும் பின்கதவையும் திறந்து பாருங்கள். நான்கு சக்கரங்களும் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் தரையில் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, ஸ்டீயரிங்கின் நடுவுக்கு நேராக முன்கண்ணாடியில் ஓர் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பந்து அந்த இடத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி மேலேயிருந்து நூலை இறக்கவேண்டும். ஸ்டீயரிங்குக்கு நேராகக் கட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உள்ளே வரும்போது பந்து உங்கள் மூக்குக்கு நேராக வந்தால் கார் இடம் வலமாகவும் சரியாக வருகிறது. பந்து விலகித் தெரிந்தால் வண்டியும் விலகியிருக்கிறது.

நூலின் நீளத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். முன்கண்ணாடி செங்குத்தாக நிற்பதில்லை, சாய்ந்திருக்கிறது. அது தரைமட்டத்துக்கு 30 பாகை சாய்வாக இருந்தால், நூல் ஒரு சென்டிமீட்டர் தளர்ந்து பந்து கீழே இறங்கும்போது, கார் ஏறத்தாழ 1.7 சென்டிமீட்டர் முன்னதாகவே நின்றுவிடும். இதற்கு எதிர்மாறானதும் உண்டு. நீங்கள் தனியாக அமர்ந்து அளவெடுத்துக் கட்டிவிட்டு, ஞாயிறு மதியம் ஐந்து பேரோடும் அரிசி மூட்டையோடும் வந்தால், பாரத்தால் கார் சற்றே தாழ்ந்திருக்கும். பந்து கண்ணாடியின் மேற்பகுதியைத்தான் தொடும். கார் இரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்தாலும் மூன்றரை சென்டிமீட்டர் கூடுதலாக முன்னே போய்விடும். ஒரு சாண் இடைவெளி விடச் சொன்னது இதற்காகத்தான். பின்புறமாக நிறுத்துகிறவர்களுக்குப் பந்தைப் பின்கண்ணாடிக்கு நேராகக் கட்டலாம். ஹாட்ச்பேக் வகைக் கார்களில் பின்கண்ணாடி ஏறக்குறைய நேராக நிற்பதால் இந்தப் பிழை மிகக் குறைவு.

கனமான இரும்புக் குண்டையோ கல்லையோ கட்டிவிடாதீர்கள், கண்ணாடி விரிந்துபோகும். டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமுக்கும் குறைவு. கழிமுகக் காற்று வீசும் மாதங்களில் அது ஆடும் என்பது உண்மையே. ஆடி நிற்கும் மட்டும் ஒரு கணம் காத்திருங்கள். புதிய கார் வாங்கினால் நூலை அவிழ்த்து மறுபடியும் அளவெடுக்கவேண்டும். 2016இல் ஹார்பர் லைனில் ஒன்பது பெட்டி ரயில்கள் பன்னிரண்டு பெட்டிகளாக நீண்டபோது நடைமேடைகளையே நீட்டவேண்டியிருந்தது. உங்களுக்கு ஒரு முடிச்சுதான்.

ஆனால் கொக்கி அடிப்பதற்குமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தக் கூரை யாருடையது? வாஷியின் ரோ ஹவுஸில் வசிப்பவருக்குப் பெரும்பாலும் சிக்கல் இல்லை. அடுக்குமாடியின் கீழே தூண்களின்மேல் நிற்கும் ஸ்டில்ட் பார்க்கிங்கின் நிலை வேறு. "இது என் கராஜ், பில்டரிடம் பணம் கொடுத்து வாங்கினேன்" என்று நம்மில் பலர் சொல்லிக்கொள்கிறோம். தஹிசரிலுள்ள ஒரு சொசைட்டி தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் 2010 ஆகஸ்ட் 31 அன்று தெளிவாகத் தீர்ப்பளித்தது: 1963ஆம் ஆண்டின் மகாராஷ்டிர அடுக்குமாடிச் சட்டத்தின்படி, ஸ்டில்ட் தளத்திலுள்ள வாகன இடம் கராஜ் ஆகாது, பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது, அது எல்லாருக்கும் பொதுவான பகுதி. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டமும் கூரையும் மூன்று பக்கச் சுவரும் உள்ள இடத்தையே கராஜ் என்கிறது. வாகன இடம் போதாத சொசைட்டிகளில் ஆண்டுதோறும் குலுக்கல் முறையில் ஒதுக்கும்படி மாதிரித் துணைவிதிகளும் கூறுகின்றன. ஆகவே இவ்வாண்டு உங்களுக்குக் கிடைத்த இடம் அடுத்த ஆண்டு மற்றொருவருக்குப் போகலாம். செயலாளரிடம் எழுதிக் கேட்டு அனுமதி பெறுங்கள். பீமில் துளையிடாதீர்கள். மின்கம்பிக் குழாயிலும் தீயணைப்புக் குழாயிலும் கட்டவே வேண்டாம். புதிதாக வீடு வாங்கவிருப்போருக்கு ஒரு நற்செய்தியும் உண்டு. வாகன இடத்தின் நீளம், அகலம், உயரம், அமைவிடம் ஆகியவற்றை விற்பனை ஒப்பந்தத்திலேயே பில்டர்கள் எழுதித் தரவேண்டும் என்று மகாரேரா ஆணையம் 2024இல் உத்தரவிட்டது. கேட்டு வாங்குங்கள், தூண் நடுவில் வந்து நிற்கிறதா என்று நேரில் போயும் பாருங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பம்பரைப் பற்றியது. பம்பர் உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இந்த ஸ்டில்ட் தளம் நம் பிள்ளைகளின் விளையாட்டு மைதானமும் அல்லவா? மழைக்காலத்தில் நான்கு மாதமும் அவர்களுக்கு வேறு போக்கிடம் ஏது? கயிற்றில் பந்து தொங்கக் கண்ட எந்தச் சிறுவன் சும்மா இருப்பான்? காலுறைக்குள் பந்தைப் போட்டுக் கட்டித் தொங்கவிட்டு மட்டையால் தட்டிப் பழகுவது கிரிக்கெட் ஆடும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அப்படியானால், கார் வந்து நிற்கும் இடத்துக்கு நேராகவே பிள்ளைகளை அழைக்கும் பொருளை நாம் கட்டியிருக்கிறோம்! அதுவுமன்றி, ஓட்டுகிறவரின் கண் பந்திலேயே பதிந்திருக்கும். போனட்டுக்குக் கீழே குனிந்து உருண்ட பந்தை எடுக்கும் பிள்ளை அவர் கண்ணுக்குத் தெரியாது.

அமெரிக்காவில் 2002இல் ஒரு குழந்தை மருத்துவர் தம் வீட்டு வாசலில் காரைப் பின்னால் எடுத்தபோது, அவருடைய இரண்டு வயது மகன் பின்னால் நின்றதை அவர் காணவில்லை. மகன் இறந்துபோனான். ஆயிரம் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்த கை! அந்தத் தந்தை மௌனமாக இருந்துவிடவில்லை. அவரும் அவரைப்போல் பிள்ளைகளை இழந்த மற்றப் பெற்றோரும் இடைவிடாமல் முயன்றதால் 2008இல் அங்கே சட்டம் வந்தது. 2018 மே மாதம் முதல் புதிய கார்கள் அனைத்திலும் பின்புறக் காமிரா கட்டாயமாயிற்று. நம் நாட்டிலும் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் பின்புற உணரி கட்டாயம். அது ஒலியலையை அனுப்பி, பொருளில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அறிகிறது. ஆனால் அது காரின் பின்புறத்துக்கு மட்டுமே. அதற்கு முன் வாங்கிய எத்தனையோ கார்களில் அதுவும் இல்லை.

எனவே பந்தைக் கட்டுங்கள், ஆனால் நாள் முழுவதும் தொங்கவிடாதீர்கள். நூலின் நடுவே ஒரு வளையம் போட்டு, பிள்ளைகளின் கைக்கும் மட்டைக்கும் எட்டாத உயரத்தில், தூணிலுள்ள கொக்கியில் மாட்டிவிடுங்கள். வீட்டுக்கு வரும்போது காரை வெளியிலேயே நிறுத்தி, உடன் வந்தவர்களில் பெரியவர் ஒருவர் இறங்கட்டும். அவர் தூணுக்குப் பின்னும், பக்கத்துக் கார்களுக்கு நடுவிலும், குனிந்து கீழேயும் பார்க்கட்டும். விளையாடும் பிள்ளைகளை ஒரு பக்கமாக அழைத்து, எல்லாரும் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கச் செய்தபின் பந்தை இறக்கிவிடட்டும். "எங்கே நிற்கவேண்டும்" என்று கையசைத்துச் சொல்லும் பாரம் இனி அவருக்கு இல்லை, அதைப் பந்து பார்த்துக்கொள்ளும். அவருடைய கண்கள் பிள்ளைகளின்மேல் இருக்கட்டும். நீங்கள் தனியாக வரும் நாளில் இந்த வேலையையும் நீங்களே இறங்கிச் செய்யவேண்டும். இரண்டு நிமிடம் ஆகும். பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.